வீட்டை விடத்தான் வேண்டும் என்றால், எந்த வழியால் விடுவது?

கொட்டாஞ்சேனையில் நாங்கள் பத்தொன்பது வருடம் இருந்த வீட்டின் நாலு எல்லைகளையும் நான் ஒழுங்காக வாசித்தது 2023 செப்டெம்பரில், ஒரு தமிழ்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில். வடக்கே இன்ன வரிமதிப்பு இலக்கமுள்ள காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே வடிகான், மேற்கே பக்கத்து வீட்டு மதில். விஸ்தீரணம் ஆறு பேர்ச்சஸ். அதற்குக் கீழே என் கணவரின் முழுப் பெயர், பேங்குக்குக் கொடுக்கவேண்டிய தொகை, அதன் மேல் ஓடும் வட்டி. பகிரங்க ஏலத்தில் விற்கப் பணிப்பாளர் சபை தீர்மானித்திருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி. காலையில் பாண் வாங்கப் போன மகள்தான் கடையில் அதைக் கண்டு பத்திரிகையையும் வாங்கிக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

கணவருக்குப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை. நான் அந்தப் பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2019-இல் வீட்டை ஈடு வைத்து 120 இலட்சம் எடுத்தோம். கொரோனாக் காலத்தில் தவணையை ஒத்திவைத்தார்கள், வட்டியை முதலோடு சேர்த்தார்கள். 2022 ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாலு நாள் கழித்து, 12-ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் பேங்குகளின் முதன்மைக் கடன் வீதம், அதாவது முதல்தர வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டி, 27 சதவீதம்வரை போனது. எங்கள் கடன் அதோடு இன்னும் 3 கூட்டிய மிதக்கும் வட்டியில் இருந்தது. பத்திரிகையில் பெயர் வந்த அன்று நிலுவை 185 இலட்சம். துணி தந்தவர்களுக்கு வேறு 60 இலட்சம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டரை மாதத்தில் எந்த வழியால் போவது என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் மூன்று வழக்கறிஞர்களைச் சந்தித்தேன், ஒரு ஏலத்தை நேரில் போய்ப் பார்த்தேன், இரவில் கணக்குக் கொப்பியில் கூட்டிக் கழித்தேன். அதே நிலையில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருப்பதால் நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். எதை எடுப்பேன், எதை விடுவேன் என்று என் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வங்குரோத்து: கனடாவில் ஒன்று, கொழும்பில் வேறொன்று

முதலில் யோசனை சொன்னது ஸ்காபரோவில் இருக்கும் தம்பி. "அக்கா, பேங்க்ரப்சி அடிச்சுப்போட்டு வீட்டுத் திறப்பைப் பேங்கிலை குடுத்திட்டு வாங்கோ. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்." அவன் அன்போடுதான் சொன்னான். அங்கே அது நடக்கிற காரியமும்கூட. கனடாவில் முதல்தடவை வங்குரோத்தாகிற, அதாவது கடனைக் கட்ட முடியாது என்று சட்டப்படி அறிவிக்கிற ஒருவர், குறித்த எல்லைக்கு மேல் வருமானம் இல்லாமல், கேட்ட கடமைகளைச் செய்திருந்தால் 9 மாதத்தில் கடனிலிருந்து தானாகவே விடுபடலாம். வீட்டைப் பேங்க் விற்று, போதாமல் மிஞ்சுகிற கடனும் மற்றக் கடன்களோடு சேர்ந்து அந்த வங்குரோத்துக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவிலும் வங்குரோத்துச் சட்டத்தின் 7-ஆம் அத்தியாயத்தின் கீழ் இப்படி வீட்டை ஒப்படைக்கலாம். ஆனால் அங்கேகூட, ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்த அன்றே வீடு கைவிட்டுப் போகாது. பேங்க் விற்று முடிக்கும்வரை வீட்டு உறுதி (பத்திரம்) உங்கள் பெயரில்தான் இருக்கும். மனுப் போட்ட பிறகு ஏறுகிற தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

கொழும்பில் தனியாள் வங்குரோத்துக்கு உள்ளது 1853-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கொழும்பிலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1864-இல். அதற்கும் பதினொரு வருடம் முந்திய சட்டம் இது. கடன் பட்டவரோ கடன் கொடுத்தவரோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியம் செய்து பட்டியல் போட்டுக் கொடுக்கவேண்டும். வர்த்தமானியில் அறிவித்தல் வரும். சொத்துகளைப் பொறுப்பெடுக்க ஒருவர் நியமிக்கப்படுவார், கடன்காரர் கூட்டங்கள் நடக்கும், விசாரணை நடக்கும். கடைசியில்தான் விடுவிப்புச் சான்றிதழ். நட்டம் தவிர்க்க முடியாததா, சொந்தப் பிழையும் கலந்ததா என்று பார்த்து அதையும் தரம் பிரித்துத்தான் தருகிறார்கள். அதுவரைக்கும் நீங்கள் விடுவிக்கப்படாத வங்குரோத்துக்காரர். 2007-ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டப்படி அந்தக் காலத்தில் ஒரு கம்பனிக்குப் பணிப்பாளராக இருக்க முடியாது. திரும்பவும் ஒரு சின்ன வியாபாரத்தைத் தொடங்கிக் கடனைக் கட்டலாம் என்று நினைக்கிறவருக்கு இது பெரிய தடை.

வீட்டைப் பொறுத்தவரை முக்கியமான விஷயம், ஈடு வாங்கிய பேங்கின் பிடி வங்குரோத்தால் தளர்வதில்லை என்பது. வீடு பேங்குக்கு ஈடு. ஈடு இல்லாத கடன்காரர்கள் மிச்சத்துக்காகத்தான் வரிசையில் நிற்பார்கள். 'வங்குரோத்து மனுப் போட்டால் ஏலம் நின்றுவிடும்' என்று புறக்கோட்டையில் பலர் என்னிடம் சொன்னார்கள். நான் கேட்ட மூன்று வழக்கறிஞர்களில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை.

புறக்கோட்டைக்காரர் கட்டாயம் அறிந்திருக்கவேண்டிய இன்னொன்று செக். எங்கள் வியாபாரமே இனி வரும் திகதியிட்டுக் கொடுக்கும் செக்கில் ஓடுவது. கணக்கில் காசில்லாமல் செக் கொடுப்பது 1990-ஆம் ஆண்டின் 2-ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி குற்றம். அது பொலிசுக்கும் நீதவான் நீதிமன்றத்துக்கும் போகிற விஷயம், வங்குரோத்து மனு அதற்கு மருந்து இல்லை. ஆகவே கையில் கொஞ்சம் காசு கிடைத்தால் செக் வைத்திருப்பவர்களை முதலில் தீர்த்துவிடுங்கள்.

அப்படியென்றால் வங்குரோத்து யாருக்குச் சரி? வீடு ஏற்கெனவே போய்விட்டது, அல்லது விற்றாலும் பேங்குக்கே போதாது. அதற்கு மேல் ஈடில்லாத கடன் மலைபோல் இருக்கிறது, ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போடுகிறார்கள், இனி உழைத்துக் கட்டும் வயதும் வழியும் இல்லை. அந்த நிலையில் எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, இருப்பதைப் பங்கிட்டு, முடித்துக்கொள்வது மானக்கேடு என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பழைய சட்டத்தை மாற்றும் முயற்சிகளும் நடந்துவருகின்றன. மனு எழுதும் அன்று எது நடைமுறையில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் புதுக்கடையில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். எங்களுக்கு வீட்டில் இன்னும் பெறுமதி மிஞ்சியிருந்தது. அதனால் இந்த வழியை விட்டோம்.

கடனை மீள அட்டவணைப்படுத்துவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பேங்க் முதலில் இதைத்தான் கொடுக்கும். நாங்களும் 2023 தொடக்கத்தில் ஒருதரம் செய்தோம். பிந்திய வட்டியை முதலோடு சேர்த்து, வருடங்களைக் கூட்டி, தவணையைக் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். கடன் குறைவதில்லை, நீளுகிறது. வருமானம் தற்காலிகமாக விழுந்தவருக்கு, வேலை திரும்பக் கிடைத்தவருக்கு, பிள்ளை வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் உறுதியாக அனுப்பும் வீட்டுக்கு இது நல்ல வழி. 2024-இல் மத்திய வங்கி பேங்குகளுக்குள் வணிக மீட்புப் பிரிவுகளை அமைக்கச் சொன்ன பிறகு, கிளை முகாமையாளரைத் தாண்டிப் பேசவும் ஓர் இடம் இருக்கிறது. பேங்க் சரியாக நடத்தவில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். சம்பளக்காரர்கள் பத்து வருடத்துக்கு மேல் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டியிருந்தால் வீட்டுத் தேவைக்காக மீதியில் 30 சதவீதம்வரை எடுக்கலாமா என்றும் விசாரியுங்கள்.

நான் இப்போது யாரிடமும் சொல்வது ஒன்றுதான். புதுத் தவணை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தத் தொகையை மூன்று மாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். நகை அடகு வைக்காமல், சீட்டு எடுக்காமல் வைக்க முடிந்தால் வீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் அந்த மூன்று மாதக் காசாவது உங்கள் கையில் இருக்கும். நாங்கள் அப்படிச் செய்யாமல் மகளின் சங்கிலியை அடகு வைத்து நாலு தவணை கட்டினோம். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

ஏலம் வரட்டும் என்று இருப்பது

பேங்க் வழக்குப் போடாமலே ஏலம் விடுவது எப்படி என்று பலர் கேட்பார்கள். 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. பராட்டே என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். தவணை முறிந்தால் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்கும். அது வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரும், பதிவுத் தபாலில் உங்களுக்கும் வரும். பிறகு ஏலத்தின் திகதி, நேரம், இடம் சொல்லும் அறிவித்தல். கடனாக எடுத்த முதல்தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்தால் இந்த வழி பேங்குக்கு இல்லை, நீதிமன்றம் போகவேண்டும். 2011-இல் கொண்டுவந்த திருத்தம் அது. உங்கள் கடன் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். வட்டியைச் சேர்க்காமல், எடுத்த முதலை மட்டும் பார்க்கவேண்டும். கையில் இருக்கும் காலம் அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் ஏலத்துக்குத் திகதி குறிக்கும் முன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டு ஏலத்தைப் பார்க்கப் போனேன். காலை பத்தரை மணி. கட்டடத்தின் வாசலில், காவலாளியின் கதிரைக்குப் பக்கத்தில் ஏலக்காரர் நின்றார். பேங்கிலிருந்து கோப்போடு ஓர் இளைஞர், புரோக்கர்கள் இருவர், ஒரு தம்பதி, பிறகு நான். ஏலக்காரர் மணியை அடித்து, அட்டவணையை வாசித்து, நிபந்தனைகளைச் சொன்னார். சுத்தியல் விழுந்த உடனே விலையில் 10 சதவீதம், உள்ளூராட்சி வரி 1 சதவீதம், ஏலக் கமிஷன் 2.5 சதவீதம், விளம்பரச் செலவு, நொத்தாரிசு கட்டணம். மிச்சம் 90 சதவீதம் 30 நாளுக்குள். தம்பதி உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். ஆட்கள் இருக்கிறார்கள், முடியாது என்றார் பேங்க் இளைஞர். நாலாம் மாடி பல்கனியில் காயப்போட்டிருந்த வெள்ளைப் பாடசாலைச் சட்டைகளைக் கீழேயிருந்தே பார்க்க முடிந்தது. யாரும் விலை கேட்கவில்லை. பேங்கே எடுத்துக்கொண்டது. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏல விலை ஏன் விழுகிறது என்று அன்று விளங்கியது. உள்ளே பார்க்க முடியாத வீட்டை, ஒரு மாதத்தில் முழுக் காசும் புரட்டி, இருக்கிற ஆட்களை எழுப்ப மாவட்ட நீதிமன்றக் கட்டளையும் எடுத்து வாங்கத் துணிகிறவர் ஒரு சிலர்தான். அவர்கள் அந்தத் துணிச்சலுக்கு விலையைக் கழித்துக்கொள்வார்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கையிலேயே இரண்டு விலை இருக்கும், சந்தை விலை ஒன்று, கட்டாய விற்பனை விலை ஒன்று. எங்கள் வீட்டுக்கு முதலாவது 290 இலட்சம், இரண்டாவது 220 இலட்சம். ஏல விலை கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்துக்குப் பேங்க் உங்கள்மேல் வழக்குப் போடலாம். வீட்டைக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்பது இங்கே இல்லை.

சிலர் தடையுத்தரவு வாங்கி இழுக்கலாம் என்பார்கள். அறிவித்தலில் உண்மையான பிழை, கணக்கில் உண்மையான பிழை, அல்லது கடன் எடுத்தவர் ஒருவர், வீட்டுக்காரர் வேறொருவர் என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். நம்மவரிடையே இந்தக் கடைசி நிலை நிறைய உண்டு. சீதனமாக மனைவிக்கு எழுதிய வீடு, கடன் புருஷனின் பெயரில். மூன்றாம் ஆளின் சொத்தை இந்தச் சட்டத்தால் விற்க முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆனால் கடன் எடுத்த கம்பனியும் ஈடு வைத்த பணிப்பாளரும் உண்மையில் ஒருவரே என்று கண்ட இடத்தில் விற்பனையை அனுமதித்தும் இருக்கிறது. தப்பினாலும் ஈட்டு வழக்கு இருக்கவே இருக்கிறது. 1949-ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின் கீழ் பேங்க் நீதிமன்றம் போகும், காலம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும்.

காலம் கிடைப்பது நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 2024-இல் பராட்டே அதிகாரத்தை அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது, பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டியது. இரண்டாம் குறுக்குத் தெருவில் எத்தனையோ பேர் பெருமூச்சு விட்டார்கள். ஏலம் நின்றது, வட்டி நிற்கவில்லை. நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடைக்காரருக்கு நிறுத்தம் தொடங்கும்போது வீட்டில் 40 இலட்சம் மிஞ்சும் என்று இருந்தது. அது முடியும்போது ஒன்றும் மிஞ்சாது என்று ஆனது. அந்த ஒரு வருடத்தில் விற்றுவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்கவேண்டும்.

நாமே விற்றுக் கடனை அடைப்பது

நாங்கள் எடுத்த வழி இது. வீட்டில் கொஞ்சமாவது பெறுமதி மிஞ்சியிருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் நான் இதையே சொல்வேன். சட்டமும் இடம் கொடுக்கிறது. ஏலத் திகதிக்கு முன் நிலுவையையும் செலவையும் முழுக்கக் கட்டிவிட்டால் ஏலம் நடக்காது. தீர்மானம் பத்திரிகையில் வந்த பிறகும் கதவு மூடிவிடவில்லை. ஆனால் பிந்தினால் விலை விழும். எங்களுக்கு ஓகஸ்டில் 275 இலட்சத்துக்கு ஒருவர் வந்தார். விட மனமில்லாமல் யோசித்துச் சொல்கிறோம் என்றோம். அறிவித்தலைப் பார்த்த பிறகு அவரே திரும்பி வந்து 262 என்றார். ஒரு மாதத் தயக்கத்தின் விலை 13 இலட்சம்.

கணக்கு இப்படி வந்தது. தீர்க்கும் நாளில் நிலுவை 189 இலட்சம். முழுக்கக் கட்டுகிறோம், தண்டவட்டியை விடுங்கள் என்று எழுதிக் கேட்டு, இரண்டு தரம் பிராந்திய அலுவலகம் போய், 178-க்கு இணங்கினார்கள். புரோக்கருக்கு 3 சதவீதம், 7 இலட்சத்து 86 ஆயிரம். கையில் நின்றது 76 இலட்சத்து 14 ஆயிரம். இதையே ஏலத்துக்கு விட்டிருந்தால், கட்டாய விற்பனை விலையான 220 இலட்சத்துக்கு யாராவது எடுத்தார்கள் என்றே வைத்தாலும், அதுவரை ஏறும் வட்டியும் செலவும் சேர்ந்து 199. மிச்சம் 21 இலட்சம். இரண்டுக்கும் இடையே 55 இலட்சம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது துணி தந்தவர்களின் கடனை அடைத்து, தெருவில் தலைநிமிர்ந்து நடக்கிற காசு.

செய்கிற முறையில்தான் கவனம் வேண்டும். வாங்குபவருக்கு ஈடு இருப்பதை முதல் நாளே சொல்லுங்கள். காணிப் பதிவகத்தில் பார்த்தால் தெரியத்தான் போகிறது. பேங்கிடம் இன்ன திகதிவரை இவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், 'முழுத் தீர்வு' என்ற சொல் அதில் இருக்கவேண்டும். காசு நேராகப் பேங்குக்குப் போகட்டும். எங்கள் உறுதி புதுக்கடையில் ஒரு நொத்தாரிசின் சின்ன அறையில் எழுதப்பட்டது. மேசையில் மூன்று பே ஓடர், ஒன்று பேங்குக்கு, ஒன்று எங்களுக்கு, ஒன்று புரோக்கருக்கு. பேங்க் உத்தியோகத்தர் பழுப்புக் கோப்பிலிருந்து எங்கள் மூல உறுதியை எடுத்து வைத்தார். ஈட்டை விடுவிக்கும் உறுதி முதலில் ஒப்பமானது, விற்பனை உறுதி அடுத்தது. யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பங்களில் வீடு மனைவியின் பெயரில் என்றால் அங்கத்தைய வழமைச் சட்டமான தேசவழமைப்படி கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும், கடைசி நாளில் அதற்காக ஓடாதீர்கள். முத்திரைத் தீர்வை வாங்குபவருடையது. மூலதன ஆதாய வரியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு, விற்பதற்கு முந்திய மூன்று வருடம் தொடர்ந்து சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது குடியிருந்த பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு.

செய்யக்கூடாதவை இரண்டு. பேங்க் நெருக்குகிறது என்று தனியார் வட்டிக்காரரிடம் போய், ஆறு மாதத்தில் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனையோடு வீட்டையே அவர் பெயருக்கு எழுதிக் கொடுப்பது ஒன்று. அந்த ஆறு மாதம் தவறினால் ஏலத்தில் மிஞ்சியிருக்கக்கூடியதும் இல்லாமல் போகும். மற்றது, கடன்காரர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று தம்பி பெயருக்கோ மருமகன் பெயருக்கோ மலிவாக எழுதுவது. ரோமன் டச்சுச் சட்டத்தில் அப்படி எழுதிய உறுதியைக் கடன்காரர் வழக்குப் போட்டு உடைக்கலாம். பிறகு வங்குரோத்து மனுப் போட்டால் அதுவே உங்கள் நேர்மைக்கு எதிரான சாட்சி.

பிணை நின்றவர்

இந்த ஒப்பீட்டில் யாரும் கடைசியில்தான் நினைக்கிற, முதலில் நினைக்கவேண்டிய ஆள் பிணையாளி. எங்கள் கடனுக்குப் பிணை நின்றது என் அத்தான், ஓய்வுபெற்ற ஆசிரியர். பிணைப் பத்திரங்களில் வழக்கமாக, முதலில் கடனாளியைத் துரத்திவிட்டு என்னிடம் வா என்று கேட்கும் உரிமையைப் பிணையாளி விட்டுக்கொடுத்திருப்பார். அதை யாரும் வாசிப்பதில்லை. நாம் வங்குரோத்தாகி விடுபட்டாலும் அவர் விடுபடுவதில்லை. ஏலத்தில் குறைந்ததற்கும் பேங்க் அவரிடம் போகலாம். எங்கள் தவணை முறிந்தது கொடுகடன் தகவல் பணியகத்தில், சனங்கள் கிரிப் என்று சொல்வதில், அவர் பெயரோடும் பதிந்திருந்தது. அவர் மகன் வாகனத்துக்கு லீசிங் கேட்டுப் போனபோது தகப்பனைப் பிணையாக ஏற்க மறுத்தார்கள். அத்தான் அதை எங்களிடம் சொல்லவேயில்லை. அக்காதான் ஒருநாள் அழுதுகொண்டு சொன்னாள். வங்குரோத்தையும் ஏலத்தையும் நான் தள்ளி வைத்ததற்குக் காசுக் கணக்கைவிட அந்த அழுகை பெரிய காரணம்.

ஆகவே பேங்க் தருகிற தீர்வுக் கடிதத்தில் பிணையாளியின் பெயரும் விடுவிப்பும் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு முதலில் தந்த கடிதத்தில் அது இருக்கவில்லை. உறுதி எழுதும் நாளை ஒரு கிழமை தள்ளிப்போட்டு, அந்த வரியைச் சேர்த்து வாங்கினோம். வாங்குபவர் எரிச்சல்பட்டார், கணவரும் "இப்ப இது தேவையா" என்றார். விடவில்லை.

நவம்பரில் உறுதி எழுதிய அன்று பின்னேரம், மட்டக்குளியில் வாடகைக்கு எடுத்த இரண்டறை அனெக்ஸுக்குப் போகும் வழியில் அத்தான் வீட்டில் இறங்கினோம். கடிதத்தைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆசிரியர் வழக்கப்படி, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை ஓய்வூதியக் கோப்புக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டிவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, பிள்ளை" என்றார்.